பாவடித் தெரு விட்டுவிட்டுத் துடித்தது

2010 ஆகஸ்ட் 4, புதன்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு, பாவடித் தெருவில் ஓடிக்கொண்டிருந்த இருநூற்றுப் பதினாறு தறிகளும் ஒரே சமயத்தில் நின்று, குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஒரு தரம் போய் வரும் நேரம் சும்மா இருந்துவிட்டு, தானாகவே திரும்ப ஓடின. அந்த நேரத்தில் தெருவின் நடுவீட்டில் சம்பூரணம் என்கிற ஐம்பத்திரண்டு வயதுப் பெண் அடுப்பில் வைத்த பாலைப் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதும், அவள் நெஞ்சில் ஒரு துடிப்பு விட்டுப்போயிற்று என்பதும் பிறகுதான் தெரிந்தது.

காவிரிக் கரையில் இருக்கிற அந்த ஊரில் தறிச் சத்தத்தை யாரும் சத்தமென்று நினைப்பதில்லை. பிறந்த குழந்தை அதைக் கேட்டுக்கொண்டேதான் தூங்கும், காய்ச்சல்காரர் அதைக் கேட்டுக்கொண்டேதான் கண்ணை மூடுவார், பெண் பார்க்க வந்தவர்கள் காதைப் பொத்தினால் வேற்றுத் தொழில்காரர்கள் என்று பெண் வீட்டார் தெரிந்துகொள்வார்கள். சத்தம் நின்றால்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். அன்று தொட்டிலில் கிடந்த குழந்தைகள் எல்லாம் ஒன்றுபோல அழுதன. ஏழு மணிக்கு முன்னால் இன்னொரு தரம் நின்றது. பொழுது சாய்வதற்குள் முப்பது தரம் நின்று நின்று ஓடியது.

தெருக்காரர்கள் முதலில் மின்சாரத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். தறிச் சங்கத்துச் செயலாளர் செங்கோடன் எழுதிக் கொடுத்த புகாருக்கு லைன்மேன் வந்தார், கம்பத்தில் ஏறினார், இறங்கினார்.

"கரண்டு நிக்கவே இல்லீங்க. நின்னிருந்தா பல்பு அணைஞ்சிருக்கணுமில்ல? உங்க தறிக்குத்தான் ஏதோ வந்திருக்குது, மந்திரிச்சுப் பாருங்க."

செங்கோடன் தன் பட்டறைக்கு டீசல் ஜெனரேட்டர் வாடகைக்கு வைத்துப் பார்த்தார். தெரு நிற்கும்போது அந்தத் தறியும் நின்றது. தெருவின் கடைசியில் காலால் மிதித்து ஓட்டுகிற கைத்தறி ஒன்று இருந்தது. கரண்டுக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, ஆனால் தெரு நிற்கும்போது மிதிப்பவரின் காலும் அந்தரத்தில் நின்றது. அதற்குப் பிறகு லைன்மேனை யாரும் கூப்பிடவில்லை.

காரணம் தெரிந்தது ஒன்பதாம் நாள். நெஞ்சில் என்னமோ புரளுகிறது என்று சம்பூரணம் தெருமுனை அரசு ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணைக்குப் போனவள் பாவாயி. சம்பூரணத்தின் கணவர் வையாபுரியின் பட்டறையில் பதினெட்டு வருஷமாகத் தறி ஓட்டுகிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். நர்சு சம்பூரணத்தின் மணிக்கட்டைப் பிடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டிருந்தபோது, "இங்க ஒண்ணு விட்டுதும்மா" என்றாள். அதே நேரம் வெளியே தெரு நின்று, ஓடியது. கொஞ்சம் பொறுத்து, "இங்க இன்னொண்ணு" என்றாள். தெரு நின்று, ஓடியது. மூன்றாவது தரம் நர்சு வாயைத் திறக்கும் முன்னால் பாவாயி, "நீங்க கையை விடுங்க தாயி, எங்களுக்கு இங்கிருந்தே கேக்குது" என்றாள்.

தெரு அதை அன்றே நம்பிவிட்டது, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் உண்டு.

பாவடித் தெருவில் சாவு விழுந்தால் முதலில் சாவு வீட்டுத் தறி நிற்கும். அந்த அமைதியைக் கேட்டு அடுத்த வீடு நிறுத்தும், அதைக் கேட்டு அதற்கடுத்த வீடு நிறுத்தும், ஒரு மூச்சு நேரத்தில் தெரு முழுக்க அடங்கிப்போகும். பிணம் தெருவைத் தாண்டும்வரை ஒரு நாடாவும் ஓடாது. ஆனால் சாவு வீடு நிறுத்தாமல் அடுத்த வீடு நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் உயிரோடு இருக்கிறவருக்குச் சாவு சொன்னதாகிவிடும்.

அந்த வருஷம் ஜூன் மாதம் இருபத்திரண்டாம் தேதி மத்தியானம், காளிதாஸ் என்கிற பையன் வையாபுரியின் பட்டறை வாசலில் வந்து நின்றான். ஆற்றுக்கு அக்கரைக் காலனியில் பிறந்து திருப்பூர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருப்பவன். மூன்று வருஷத்துக்கு முன்னால் வையாபுரியின் ஒரே மகள் இந்துமதி அவனோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து அவள் பெயரை அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை. காளிதாஸ் தறிச் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது: மஞ்சள் காமாலை, பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள், காலையில் போய்விட்டாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் அவளை ஏற்றிய வண்டி நிற்கிறது. பாவாயி தறியை நிறுத்தக் கையை நீட்டினாள். வையாபுரி அந்தக் கையைப் பார்த்தார்.

"ஓட்டு" என்றார். "நம்ம வீட்டில யாரும் சாகலை."

சம்பூரணம் உள்வாசலில் நின்று அதைக் கேட்டாள். பன்னிரண்டு தறிகளும் ஓடின. அந்த வீடு நிற்காததால் அடுத்த வீடு நிற்கவில்லை, தெரு நிற்கவில்லை. வண்டி பாலத்திலிருந்து திரும்பிக் காலனிச் சுடுகாட்டுக்குப் போயிற்று. சம்பூரணம் அழவில்லை, அன்றிலிருந்து புருஷனோடு பேசவும் இல்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், பாவுக்கு நூல் எடுத்துக் கொடுத்தாள். அவர் கேட்ட கேள்விக்குப் பாவாயியைப் பார்த்துப் பதில் சொன்னாள். நாற்பத்து மூன்று நாள் கழித்து அவள் நெஞ்சு முதல் துடிப்பை விட்டது.

வையாபுரி அவளை ஈரோட்டுக்கு இதய டாக்டரிடம் கூட்டிப் போனார். பஸ்ஸில் இருவரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து போனார்கள். டாக்டர் சின்ன வயதுப் பெண், பொறுமைக்காரி.

"எப்படி இருக்குதுன்னு உங்க வாயால சொல்லுங்கம்மா."

"நாடா அந்தப் பக்கம் போயிருதுங்க. திரும்பி வர யோசிக்குது. அப்புறம் ஒரு உதை உதைச்சுக்கிட்டு வருதுங்க."

டாக்டர் சிரித்தார். படம் எடுத்தார், ரத்தம் பார்த்தார், ஒரு நாள் முழுக்க நெஞ்சில் ஒட்டிக்கொண்டு இருக்கிற ஒரு கருவியைப் பொருத்தி அனுப்பினார். மறுநாள் அது காட்டிய எண்ணிக்கை நூற்று நாற்பத்து மூன்று. அதே ஒரு நாளில் பாவாயியும் அவளை மாற்றிவிட்ட இரவு ஆளும் ஓட்டிய வேட்டித் துணியில் தறி நின்று ஓடிய கோடுகளைப் பாவாயி விரலால் தடவி எண்ணியபோது நூற்று நாற்பத்திரண்டு வந்தது. "ஒண்ணு நான் நூல் மாத்தும்போது போயிருக்கும், அது என்ற தப்பு" என்றாள்.

"இதுல பயப்பட ஒண்ணுமே இல்லீங்க" என்றார் டாக்டர். "துடிப்பு ஒண்ணு முந்திக்குது, அப்புறம் கொஞ்சம் ஓய்வு எடுத்துக்குது, அவ்வளவுதான். நல்ல இதயம். இதால உயிருக்கு ஆபத்து வராது. காபியைக் குறைங்க, நல்லாத் தூங்குங்க. ரொம்பத் தொந்தரவா இருந்தா மட்டும் இந்த மாத்திரை."

"ஆபத்து வராதுங்களா?" என்று வையாபுரி கேட்டார்.

"வராதுங்க."

"நின்னுட்டா?"

"நிக்காதுங்க. நிக்கற மாதிரி தோணும்."

அவர் மூன்றாம் தரமும் கேட்டார். டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

தெரு அதற்குப் பழகிய விதத்தைச் சொல்ல வேண்டும். சவரக் கடைக்காரர் கத்தியைக் கன்னத்தில் வைக்கும் முன்னால் ஒரு தரம் நின்று ஓடட்டும் என்று காத்திருக்கப் பழகினார். தறிகாரர்கள் அந்த ஒரு கண இடைவெளியில் அறுந்த இழையை முடியப் பழகினார்கள். டியூஷன் டீச்சர் வாய்ப்பாடு சொல்லிக் கொடுக்கும்போது பிள்ளைகள் தெருவோடு நின்று தெருவோடு தொடர்ந்தார்கள். தறி ஊரில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள் என்பதால், சத்தம் நின்ற அந்த ஒரு கணத்தில் யார் எதைக் கத்திக்கொண்டிருந்தாலும் அது தெரு முழுக்கக் கேட்டது: மாமியாரைப் பற்றிச் சொன்னது, சீட்டுக்காரியைப் பற்றிச் சொன்னது, செங்கோடன் தன் மச்சினனிடம் "அந்த வையாபுரி செஞ்சது மனுசன் செய்யற வேலையா" என்று சொன்னது. அதற்குப் பிறகு பாவடித் தெருவில் வாயைக் காதருகில் கொண்டுபோய் மெதுவாகப் பேசுகிற வழக்கம் வந்தது. சண்டை குறைந்தது என்று பலரும் சொன்னார்கள். "சண்டை குறையல, சாடை கூடிருச்சு" என்றாள் பாவாயி.

சம்பூரணத்தைத் தெரு அக்கா என்றுதான் கூப்பிடும்; துணியில் விழுந்த கோட்டுக்கும் அக்கா கோடு என்று பெயர் வந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் மட்டும் தெரிகிற, மயிரிழை அகலக் கோடு. ஜவுளி வியாபாரிகள் முதலில் துணியைத் திருப்பி அனுப்பினார்கள். பிறகு ஈரோட்டுச் சந்தையில் ஒரு விஷயம் நடந்தது. சாவுக்குக் கோடி போட வேட்டி எடுக்க வந்தவர்கள் துணியை வெளிச்சத்தில் பிடித்து, அந்தக் கோடு இருக்கிறதா என்று பார்த்து வாங்க ஆரம்பித்தார்கள். ஏன் என்று கேட்டால், இது போட்டால்தான் போட்ட மாதிரி இருக்கிறது என்றார்கள். யார் முதலில் சொன்னது என்று தெரியவில்லை. மாசி மாதத்துக்குள் ஊர் ஊராகப் பிணத்தின் மேல் பாவடித் தெருத் துணி விழுந்தது.

கல்யாணத் துணிக்காரர்கள் மட்டும் வாங்க மறுத்தார்கள். தறிச் சங்கம் கூடியது. பங்குனி ஆர்டர் கையில் இருக்கிறது, அக்கா அந்த மாத்திரையைச் சாப்பிட்டால் தேவலை என்று முடிவு செய்து, செங்கோடனும் நாலு பேரும் வையாபுரியின் வீட்டுக்கு வந்தார்கள். வையாபுரி நாற்காலி போட்டார்.

"அக்கா" என்று செங்கோடன் ஆரம்பித்தார், "உங்க நல்லதுக்குத்தான் சொல்றோம். டாக்டரம்மா குடுத்த மாத்திரை இருக்குதாமா…"

"இருக்குதுங்க."

"சாப்பிட்டுப் பாருங்களேன்."

"மூணு நாள் சாப்பிட்டனுங்க."

அது எல்லோருக்கும் தெரியும். அந்த மூன்று நாளும் தெரு தடங்கலே இல்லாமல் ஓடியிருந்தது.

"அப்புறம் ஏனுங்க்கா விட்டுட்டீங்க?"

சம்பூரணம் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "தொந்தரவா இருந்தாச் சாப்பிடுங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எனக்குத் தொந்தரவா இல்லீங்க, தம்பி."

வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

தொந்தரவு வையாபுரிக்குத்தான் இருந்தது. தெரு நின்றதும் அவர் கை தானாகத் தொடையில் வந்து விழும், ஒன்று என்பார், இரண்டு என்று சொல்வதற்குள் ஓடிவிடும், அப்போதுதான் மூச்சு விடுவார். ஒரு நாளைக்கு நூற்று நாற்பது தரம். அவர் அறுபது வயதுக்காரர், சங்கத்தில் இருபது வருஷம் தலைவராக இருந்தவர், ஒரு தரம் சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்ததில்லை என்று பேர் வாங்கியவர். இப்போது சாப்பிடும்போது உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்று என்றார், சங்கக் கூட்டத்தில் பாதிப் பேச்சில் ஒன்று என்றார். சம்பூரணம் தண்ணீர் பிடிக்கப் போனால் பத்தடி பின்னால் போனார்.

"மொதலாளி அக்காவுக்குக் காவல் போறாரு" என்றாள் பாவாயி. "போன பின்னால காவல்."

அது அவர் காதில் விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் அவள் சொன்னாள்.

அவருக்கு என்ன வேண்டும் என்பது தெருவுக்குத் தெரியும். அவள் ஒரு வார்த்தை பேச வேண்டும். அதைவிட, தெரு நின்று ஓடாமலே போகிற ஒரு நாள் வருவதற்குள் அவள் பேச வேண்டும். என்ன செய்தால் அவள் பேசுவாள் என்பதும் தெருவுக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். பட்டறைச் சுவரில் மெயின் சுவிட்ச் அவர் தோள் உயரத்தில்தான் இருந்தது. பதினைந்து மாதம் அவர் அதைத் தாண்டித்தான் தினமும் போய் வந்தார்.

2011 செப்டம்பர் 12, திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெரு நின்றது. வையாபுரி பட்டறையில் இருந்தார். ஒன்று என்றார். இரண்டு என்றார். மூன்று என்றபோது பாவாயி அவரைப் பார்த்தாள். நான்கில் அவர் எழுந்தார், ஐந்தில் ஓடினார், செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்று கிடந்தது, நூல் மூட்டையில் இடித்து விழப் பார்த்து, ஏழு, எட்டு என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முற்றத்தைத் தாண்டினார், அந்த அமைதியில் அவர் எண்ணுவது தெரு முழுக்கக் கேட்டது. பதினொன்றில் அடுப்படிக்குப் போய்ச் சேர்ந்தார்.

சம்பூரணம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிற அந்த மனிதரைப் பார்த்து, பதினைந்து மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் பேசினாள்.

"பயப்படாதீங்க. நம்ம வீட்டில யாரும் சாகலை."

அப்புறம் தெரு ஓடியது.

வையாபுரி ஒற்றைச் செருப்போடு திரும்பிப் பட்டறைக்குப் போய், கையை உயர்த்தி, மெயின் சுவிட்சை இறக்கினார்.

"கரண்டு போயிருச்சுங்களா?" என்றாள் பாவாயி.

"நான்தான் நிறுத்துனேன்."

"யாருக்குங்க மொதலாளி?"

அவளுக்குத் தெரியாமல் இல்லை. அவர் வாயால் வர வேண்டும் என்று இருந்தாள்.

"இந்துமதிக்கு."

அடுத்த வீடு கேட்டு நின்றது. அதற்கடுத்த வீடு நின்றது. தெரு முழுக்க அடங்கியது. ஆண்கள் தோளில் துண்டோடு வந்து வையாபுரியின் வாசலில் கைகட்டி நின்றார்கள், பெண்கள் உள்ளே போய்ச் சம்பூரணத்தைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இரண்டு மூன்று குரல்கள் ஒப்பாரியைத் தொடங்கின. அப்போதுதான் அவள் அழுதாள்.

பன்னிரண்டு மணிக்குச் செங்கோடன் வையாபுரியை ஓரமாகக் கூட்டிப் போனார்.

"ண்ணா, ஒரு சிக்கல். பொணம் தெருவைத் தாண்டினாத்தானுங்களே தறி ஓட்டலாம்? பொணம் இல்லாம எப்படீங்ண்ணா தாண்டறது?"

இப்படி ஒரு நிலைமை அந்தத் தெருவுக்கு வந்ததில்லை. போட்டோ கொண்டுபோகலாம் என்றார் ஒருவர்; அந்த வீட்டில் இருந்த போட்டோக்களை எல்லாம் மகள் போன அன்றே வையாபுரி எரித்திருந்தார். அவள் துணி ஏதாவது என்றார் இன்னொருவர், அதுவும் இல்லை. தறிகள் அன்று முழுக்க நின்றன, மறுநாளும் நின்றன. சத்தம் இல்லாததால் குழந்தைகள் தூங்கவில்லை, பெரியவர்களுக்குத் தலை சுற்றியது, ராத்திரியில் ஆற்றுத் தண்ணீர் ஓடுகிற சத்தத்தை அந்தத் தெருக்காரர்கள் முதல் தடவையாகக் கேட்டார்கள்.

இரண்டாம் நாள் மூன்று மணிக்குச் சம்பூரணம் தலை குளித்து, ஈரத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"நான் நடக்கறேன்" என்றாள். "அவ வர வேண்டிய வழி, போக வேண்டிய வழி. நீங்களும் வாங்க."

இருவரும் நடந்தார்கள், வையாபுரி முன்னால், அவள் ஓரடி பின்னால். பிணத்தைத் தூக்கிப் போகிற வேகத்தில், வாசலுக்கு வாசல் குடத்துத் தண்ணீர் கொட்டியிருந்த தெருவில், இரண்டு பக்கமும் ஆட்கள் எழுந்து நிற்க, கையில் ஒன்றும் இல்லாமல் போனார்கள். தெருமுனையைத் தாண்டியதும் பின்னால் ஒரு தறி ஓடியது, பிறகு நாலு, பிறகு நாற்பது. பாலத்தில் ஏறும்போது தெரு முழுக்க ஓடிக்கொண்டிருந்தது.

பாலத்தின் நடுவில் சம்பூரணம் நின்றாள். கையை நெஞ்சில் வைத்தாள்.

"இப்ப ஒண்ணு விட்டுச்சு" என்றாள்.

வையாபுரி திரும்பித் தெருப் பக்கம் காதைக் கொடுத்தார். தறிகள் நிற்கவில்லை.

"நெசமாவா?"

"இன்னொண்ணு" என்றாள். நிற்கவில்லை.

காலனிச் சுடுகாட்டில் காளிதாஸின் அம்மா வந்து இடத்தைக் காட்டினாள். அவர்களை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல், வாங்க என்று மட்டும் சொன்னாள். எரித்த இடத்தில் ஆவாரம் செடி முளைத்திருந்தது. அது வேறொருவரை எரித்த இடமாகவும் இருக்கலாம் என்றாள். அடையாளம் வைக்கவில்லை, யாரும் வருவார்கள் என்று நினைக்கவில்லை. சம்பூரணம் அந்த மண்ணில் உட்கார்ந்தாள். வையாபுரி நின்றுகொண்டே இருந்தார். உட்காருங்கள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

அவள் நெஞ்சு அதற்குப் பிறகும் விட்டுவிட்டுத்தான் துடித்தது. அடுத்த தடவை ஈரோட்டில் எண்ணியபோது நூற்று ஐம்பத்தேழு. பயமில்லை என்று டாக்டர் மறுபடியும் சொன்னார். அக்கா கோடு இல்லாத துணி வர ஆரம்பித்ததும் கல்யாணக்காரர்கள் திரும்ப வந்தார்கள். கோடிக்கு எடுக்கிறவர்கள் கொஞ்ச காலம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, வேறு ஊர்த் துணிக்குப் போனார்கள். தெருவில் எல்லோரும் பழையபடி கத்திப் பேசினார்கள்.

வையாபுரிக்கு மட்டும் ஒரு வேலை கூடியது. முன்பு தெரு சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது அவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காலையில் ஒரு தரம், சாப்பாட்டுக்கு வரும்போது ஒரு தரம், பட்டறையிலிருந்து சும்மாவே எழுந்து வந்து ஒரு தரம்.

"எப்படி இருக்குது?"

"இருக்குது."

"விட்டுச்சா?"

"விடும். வரும். போய் வேலையைப் பாருங்க."

அவர்கள் பேசிக்கொண்டது பெரும்பாலும் அவ்வளவுதான். மகளைப் பற்றிப் பேசியதாக யாரும் கேட்டதில்லை. அவரை அவள் மன்னித்தாளா என்று பாவாயி ஒரு நாள் நேராகவே கேட்டாள். "கேக்கறாரு, பதில் சொல்றேன்" என்றாள் சம்பூரணம்.

2013 டிசம்பர் 19, வியாழக்கிழமை காலை பத்தே முக்காலுக்குச் சம்பூரணம் வீட்டுப் பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தாள். மூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது, இதயத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். அவள் விழுந்த நேரத்தில் வையாபுரி பட்டறையில் இருந்தார். பதினொன்று ஐந்துக்குப் பாவாயி போய்ச் சொல்லும்வரை தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.